மஞ்சளேறிய பழைய கணினி உறைகள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கணினிகளைப் பேணி வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைப் பற்றியவை. வெளியான காலத்தில் வெளிர்சாம்பலாகவோ இளம்பழுப்பாகவோ இருந்த பிளாஸ்டிக் உறை இப்போது மஞ்சளாகி, சில கணினிகளில் ஏறத்தாழ ஆரஞ்சு நிறத்தையே எட்டிவிட்டது. அதனை மாற்ற முடியுமா, மாற்றலாமா, மாற்றினால் நிலைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1987-இல் வெளிவந்த அமிகா 500 கணினி ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாக அதனை அட்டைப்பெட்டியில் மூடி அலமாரியில் வைத்திருந்தேன். அதன்மேல் வெயில் பட்டதே இல்லை. அப்படியிருந்தும் மேலுறை முழுவதும் மஞ்சளாகிவிட்டது. வெயில்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வது தவறா?

பதில்: வெயில் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. அந்தக் காலத்துக் கணினி உறைகளில் பெரும்பாலானவை ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்ததே அந்தப் பெயர். இவற்றில் பியூட்டாடையீன் ரப்பர் போன்ற பகுதி. உறை கீழே விழுந்தாலும் எளிதில் உடையாமல் இருப்பதற்கு அதுவே காரணம். வயதாவதில் முதலில் தளர்வதும் அதுவே. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தாக்குகிறது. அந்தத் தாக்குதலின் விளைவாக, நீல ஒளியை உறிஞ்சும் புதிய சேர்மங்கள் மேற்பரப்பில் உருவாகின்றன. நீலம் உறிஞ்சப்பட்ட பிறகு எஞ்சி வரும் ஒளியைத்தான் நம் கண் மஞ்சளாகக் காண்கிறது.

இந்த வினை தொடங்குவதற்குப் புற ஊதாக் கதிர் வேகமான வழி. வெப்பம் மெதுவான வழி. இருட்டில் இருந்தாலும் ஆக்சிஜன் இருக்கிறது, அறையின் வெப்பமும் இருக்கிறது. ஆகவே பெட்டிக்குள் வைத்த கணினியும் ஆண்டுக்கணக்கில் நிறம் மாறிக்கொண்டுதான் இருக்கும். மின்வழங்கி அமைந்திருக்கும் பக்கமும் காற்றுத் துளைகளைச் சுற்றியுள்ள பகுதியும் மற்ற இடங்களைவிட அதிகமாக மஞ்சளேறிய கணினிகளைப் பலர் பார்த்திருப்பார்கள். அது வெப்பத்தின் வேலை.

தீப்பற்றாமல் இருக்க அந்தப் பிளாஸ்டிக்கில் கலக்கப்பட்ட புரோமின் சேர்மங்களே முழுக் காரணம் என்ற விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது. அவற்றுக்குப் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தீத்தடுப்புப் பொருள் தேவைப்படாத, அதே ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கால் ஆன வெள்ளைப் பொம்மைக் கட்டைகளும் மஞ்சளாகின்றன என்பதைப் பார்க்கும்போது, பழி முழுவதையும் புரோமின் மேல் சுமத்துவது பொருந்தவில்லை.

இதில் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி, இந்த மஞ்சள் பிளாஸ்டிக்கின் மேல் படிந்த ஒன்றல்ல என்பது. பிளாஸ்டிக்கே மாறியதால் வந்த நிறம் அது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

கேள்வி: சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாதா? என் நண்பர் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தைப் பரிந்துரைக்கிறார். வேறொருவர் அசிட்டோன் என்கிறார்.

பதில்: அசிட்டோனை உறையின் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், ஒரு துளி விழுந்த இடத்தில் ஏற்படும் தழும்பு நிரந்தரமானது. பிளீச்சிங் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. அது இந்த வேலைக்கு ஏற்றதல்ல. உலோகப் பாகங்களையும் அரிக்கும்.

ஆனாலும் முதலில் கழுவிப் பார்ப்பது மிகச் சரியான செயல். புகைபிடிக்கும் அறையில் இருந்த கணினிகளின்மேல் படியும் நிக்கோட்டின், தார்ப் படலம் மஞ்சள் பழுப்பாகவே தெரியும். அது மேற்பரப்பு அழுக்கு மட்டுமே. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது கலந்து மென்மையான துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பு ஏறி, உறை வெளிறத் தொடங்கினால் உங்கள் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்தது. துணி சுத்தமாக இருந்து, உறை அப்படியே மஞ்சளாக இருந்தால் அது பிளாஸ்டிக்கின் சொந்த நிறமாற்றம்.

மெலமைன் ஸ்பாஞ்சு என்று விற்கப்படும் வெள்ளைத் துடைப்பானைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது சுத்தம் செய்வது மிக நுண்ணிய உப்புத்தாள் தேய்ப்பதுபோல்தான். உறையின் சொரசொரப்பான நயத்தை அது தேய்த்து வழவழப்பாக்கிவிடும், அச்சிட்ட எழுத்துகளையும் அழித்துவிடும். எனவே அதனைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கும் முறையைத் தொடக்கம் முதல் இறுதி வரை விளக்க முடியுமா? எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம் என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

பதில்: ரெட்ரோபிரைட் என்ற பெயரில் 2008-ஆம் ஆண்டு முதல் பழைய கணினி ஆர்வலர்களிடையே பரவிய முறை இது. புற ஊதாக் கதிர் பெராக்சைடு மூலக்கூறைப் பிளக்கும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் என்னும், எளிதில் வினைபுரியும் வீரியமிக்க துணுக்குகள் தோன்றுகின்றன. மஞ்சளாகத் தெரியும் சேர்மங்களின் பிணைப்புகளை அவை உடைத்து, அவற்றை நிறமற்றவையாக ஆக்கிவிடுகின்றன. தலைமுடிக்குச் சாயம் பூசினால் வயது குறைந்துவிடாது. அதுபோல, இங்கே நிறம் திரும்புகிறதே தவிர, பிளாஸ்டிக் தன் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதனைத் தெரிந்துகொண்டு தொடங்குகிறவர் அவசரப்படமாட்டார்.

முதலில் கணினியை முழுமையாகப் பிரியுங்கள். உறையைத் தவிர வேறெதுவும் திரவத்தில் இறங்கக் கூடாது. திருகாணிகள், உலோகத் தகடுகள், சுருள்வில்கள், ரப்பர் கால்கள், ஒட்டுத்தாள்கள், நிறுவனச் சின்னப் பட்டை ஆகிய அனைத்தையும் எடுத்துவிடுங்கள். உலோகத்தை எடுக்கச் சொல்வது துருப்பிடிப்பதற்காக மட்டுமல்ல. இரும்பு, செம்பு போன்றவற்றின் அயனிகள் பெராக்சைடை விரைவாகச் சிதைத்துவிடும், திரவம் வேலை செய்யாமலேயே வீணாகும். உறைக்குள் பதிக்கப்பட்ட பித்தளைத் திருகுமரைகளை எடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை. வேலை முடிந்ததும் அந்த இடங்களை நன்றாக அலசி உலர்த்தினால் போதும். எடுக்க முடியாத சின்னமோ அச்செழுத்தோ இருந்தால் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி மூடலாம். ஆனால் அதன் விளிம்பில் நிறவேறுபாடு தெரியும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளவேண்டும்.

அடுத்தது செறிவு. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு பெராக்சைடே மூழ்கவைக்கும் முறைக்குப் போதுமானது. முடி வெளுக்கும் கடைச்சரக்கில் 10, 20, 30, 40 வால்யூம் என்று குறிப்பிட்டிருப்பது முறையே 3, 6, 9, 12 விழுக்காடு. 12 விழுக்காட்டுத் திரவம் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்த்தால் ஏறத்தாழ 3 விழுக்காடு கிடைத்துவிடும். 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தொழிற்சாலைச் சரக்கை வாங்கி நீர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். அதனை நான் வன்மையாக மறுக்கிறேன். அந்தச் செறிவில் அது தோலை நொடியில் வெளிறச் செய்து புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடும், எரியக்கூடிய பொருளின்மேல் சிந்தினால் தீயும் மூளலாம். வலிமை கூடினால் வேலை சிறக்கும் என்று எண்ணவேண்டாம். இந்த வேலையில் கெட்டுப்போகும் உறைகள் பெரும்பாலும் மிகைச் செறிவாலும் சீரற்ற பூச்சாலும் கெட்டவையே.

உறை முழுவதும் அமிழும் அளவுக்கு ஆழமான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் திரவத்தை நிரப்பி வெயிலில் வையுங்கள். ஏ.பி.எஸ்., நீரைவிடச் சற்றே அடர்த்தி மிகுந்தது. எனவே முதலில் அமிழும். சிறிது நேரத்தில் ஆக்சிஜன் குமிழிகள் அதன் உட்புறத்தில் சேர்ந்து அதனை மேலே தூக்கிவிடும். திரவத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கும் உள்ளே இருக்கும் பகுதிக்கும் இடையே ஒரு கோடு விழுந்தால், பிறகு அதனை மறைப்பது மிகக் கடினம். கண்ணாடிக் குவளை போன்ற உலோகமல்லாத எடையை மேலே வைத்து அமிழ்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை உறையைத் திருப்பி, தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். குமிழி ஒட்டிய இடத்தில் திரவம் படாது. அங்கே புள்ளி புள்ளியாக மஞ்சள் தங்கிவிடும்.

நேரத்தை மணிக்கணக்கில் முன்கூட்டியே சொல்ல இயலாது. வெயிலின் வலிமை, திரவத்தின் புதுமை, மஞ்சளின் ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து நான்கைந்து மணி நேரத்திலும் முடியலாம், இரண்டு மூன்று நாள் வெயிலும் தேவைப்படலாம். மணிக்கு ஒருமுறை எடுத்து, அலசி, துடைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது நிறம் சரியாகத் தெரியாது. ஒப்பிடுவதற்கு ஒளி படாத உட்புறத்தையோ ஒட்டுத்தாளுக்கு அடியில் இருந்த இடத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். இதனை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் வெள்ளை நிறக் கணினி அல்ல. அதன் இயல்பான நிறமே இளம்பழுப்பு. பிளாட்டினம் என்று ஆப்பிள் அழைத்த வெளிர்சாம்பல் நிறம் மெக்கின்டாஷ் வரிசைக்கு 1987-இல்தான் வந்தது. இளம்பழுப்பை மஞ்சள் என்று கருதி வெண்மையாகும் வரை வெளுத்துவிட்ட கணினிகளைக் காணும்போது மனம் வருந்துகிறது. மஞ்சளைவிட அந்த வெண்மையே அந்தக் கணினிக்கு அந்நியமானது.

நைட்ரைல் கையுறையும் கண்களைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் தொடக்கம் முதல் இறுதி வரை உங்கள் உடலில் இருக்கவேண்டும். பெராக்சைடை இறுக மூடிய கலத்தில் வைக்கக் கூடாது. வெளியாகும் ஆக்சிஜனின் அழுத்தத்தால் கலம் வெடிக்கும். அசிட்டோனுடனோ வினிகருடனோ அதனைக் கலக்கவே கூடாது. அசிட்டோனுடன் சேர்ந்தால் தொட்டாலே வெடிக்கும் சேர்மம் உண்டாகலாம். வினிகருடன் சேர்ந்தால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் அமிலம் உண்டாகும்.

கேள்வி: முடி வெளுக்கும் க்ரீமைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெயிலில் வைத்தேன். மஞ்சள் போயிற்று; ஆனால் மேலுறை முழுவதும் வெண்மையான அலை அலையான கோடுகள் விழுந்துவிட்டன. இதனைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். க்ரீம் முறையில் இரண்டு இடர்கள் உள்ளன. தாளின் சுருக்கங்களில் க்ரீம் தடித்தும் மெலிந்தும் தங்குவதால் வெளுப்பு சீராக நடப்பதில்லை. ஓரிடத்தில் க்ரீம் காய்ந்துவிட்டால் அங்கே பெராக்சைடு செறிந்து, மேற்பரப்பைத் தாக்கி வெண்பூச்சு போன்ற படலத்தை ஏற்படுத்திவிடுகிறது. உங்கள் உறையில் இருப்பது முதல் வகையா, இரண்டாம் வகையா என்பதைப் பொறுத்தே தீர்வு.

கோடுகளுக்கு இடையே இன்னும் மஞ்சள் எஞ்சியிருந்தால், மேலே சொன்ன 3 விழுக்காட்டுத் திரவத்தில் முழுமையாக மூழ்கவைத்து, மீதியையும் மெதுவாக வெளுங்கள். பின்தங்கிய இடங்கள் முன்னேறி, வேறுபாடு மங்கும். மஞ்சளே இல்லாமல் சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெண்மை மட்டும் தெரிந்தால், மேலும் பெராக்சைடு போடுவது கேட்டை வளர்க்கும். அப்போது செய்யக்கூடியது, மிக மென்மையான பாலிஷ் கொண்டு பார்வைக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பது. பளபளப்பான உறையென்றால் ஓரளவு பலன் கிடைக்கும். சொரசொரப்பான உறையில் நயம் கெடும். அதற்கு மேல் ஆசைப்படாமல் நிறுத்திக்கொள்வதே நல்லது.

க்ரீமைத் தவிர வேறு வழி இல்லாத பெரிய பாகங்களும் உண்டு; மானிட்டர் உறையை மூழ்கவைக்கும் தொட்டி எல்லோர் வீட்டிலும் இருக்காது. அப்படிப்பட்ட பாகத்துக்குச் சமமாகத் தடவி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தாளைப் பிரித்து, தூரிகையால் மறுபடியும் பரப்பி, திசையையும் மாற்றி வைக்கவேண்டும். எந்த நேரத்திலும் காயவிடக் கூடாது. பொறுமை இருப்பவர்களுக்கு மட்டுமே உரிய வேலை அது.

கேள்வி: வெயில் இல்லாத நாட்களில் என்ன செய்வது?

பதில்: இரண்டு வழிகள் உள்ளன. 365 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதா எல்.ஈ.டி. விளக்குப் பட்டைகளைத் தொட்டியைச் சுற்றிப் பொருத்தி, வெளியே ஒளி சிதறாதபடி மூடி வைக்கலாம். விளக்கு எரியும்போது உள்ளே நேரடியாகப் பார்க்கக் கூடாது.

மற்றொன்று வெப்பம். பெராக்சைடு சிதைவதற்கு ஒளி கட்டாயமில்லை. சூட்டிலும் அது சிதைந்து வேலை செய்யும். வெப்பத்தை நிலையாகப் பேணும் கருவியைக் கொண்டு நீரை 60 டிகிரி செல்சியஸில் வைத்து, அதற்குள் பெராக்சைடுத் தொட்டியை இறக்கிவைத்தால் பாகம் எல்லாப் பக்கமும் சீராக வெளுக்கும். நிழல் விழும் மூலைகள் இம்முறையில் இல்லை என்பதால், பள்ளமும் துளைகளும் நிறைந்த பாகங்களுக்கு இதனை வெயிலைவிட நான் விரும்புகிறேன். 60 டிகிரிக்கு மேலே செல்லவேண்டாம். ஏ.பி.எஸ். இளகும் வெப்பநிலை அதைவிடச் சில பத்து டிகிரிகள் மேலே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அச்சில் வார்க்கும்போதே உள்ளே இறுகிக் கிடந்த விறைப்பு, வெப்பத்தில் மெல்லத் தளர்ந்து, மெல்லிய நீண்ட பாகங்களை வளைத்துவிடக்கூடும். சூடான பெராக்சைடின் ஆவியைச் சுவாசிக்கக் கூடாது என்பதால் காற்றோட்டமான இடத்தில்தான் செய்யவேண்டும். சமையலுக்குப் பயன்படும் பாத்திரங்களை இதற்கு எடுக்காதீர்கள்.

பெராக்சைடே இல்லாமல் வெறும் வெயிலில் வைத்து வெளுத்தவர்களும் இருக்கிறார்கள். மஞ்சளை உண்டாக்கும் அதே ஒளியின் ஒரு பகுதி, உருவான மஞ்சளைச் சிதைக்கவும் செய்கிறது. ஆகவே அது வியப்புக்குரியதல்ல. எந்தப் பக்கம் வெல்லும் என்பது பிளாஸ்டிக்கின் வகையையும் அது எவ்வளவு சூடாகிறது என்பதையும் பொறுத்தது. உதிரியாக ஒரு சிறு துண்டை வைத்துப் பார்க்காமல் முழு உறையையும் வெயிலில் காயவைப்பது பந்தயம் கட்டுவதாகும்.

கேள்வி: ஒரே இயந்திரத்தின் மேல்பாதி மஞ்சளாகவும் கீழ்ப்பாதி புதியதாகவும் இருப்பது ஏன்? யாரோ பாகத்தை மாற்றியிருப்பார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இரண்டு பாதிகளும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு கலவைப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருக்கும். நிறமி, நிலைப்படுத்தி, தீத்தடுப்புப் பொருள் ஆகியவற்றின் விகிதம் சற்றே மாறினாலும் வயதாகும் வேகம் மாறும். சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுக் கருவிகளில் ஒரு பாதி மட்டும் மஞ்சளாகி மறுபாதி சாம்பலாகவே நிற்பதைப் பரவலாகக் காணலாம். மஞ்சளான பாதியை மட்டும் வெளுங்கள். நல்ல பாதியை ஒப்பீட்டுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணினியும் திரையும் ஒன்றாக உள்ள பழைய மெக்கின்டாஷின் உறையைக் கழற்ற விரும்புகிறேன். அதற்கு முன் தெரிந்துகொள்ளவேண்டியது என்ன?

பதில்: அதன் உள்ளே இருப்பது படக்குழாய். அது செயல்படும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் அதில் இருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் ஒரு பகுதி தங்கியிருக்கலாம். குழாயின் பின்கழுத்து மிக மெல்லிய கண்ணாடி; ஒரு சிறு இடியிலும் உடையும். மின்வழங்கிப் பலகையில் உள்ள மின்தேக்கிகளும் மின்னேற்றத்தைச் சிறிது காலம் வைத்திருக்கும். படக்குழாயின் மின்னேற்றத்தை இறக்குவதில் பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு உறையைக் கழற்றுங்கள். உறையின் நிறத்துக்காக உயிரைப் பணயம் வைக்கவேண்டாம்.

பழைய உறைகளின் கொக்கிகளும் திருகுத் தூண்களும் எளிதில் முறியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நிறத்தை மாற்றிய அதே ஆக்சிஜனேற்றம் பிளாஸ்டிக்கின் நெகிழ்வையும் குறைத்திருக்கும். பெராக்சைடு அந்த நெகிழ்வைத் திருப்பித் தருவதில்லை. உறை திறக்காவிட்டால் விசையைக் கூட்டாமல், விடுபட்ட திருகாணி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

கேள்வி: வெளுத்த நிறம் எத்தனை ஆண்டுகள் நிற்கும்? மேலே வார்னிஷ் அடித்தால் காப்பாற்றலாமா?

பதில்: மஞ்சள் திரும்ப வரும் என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள். சில உறைகள் பல ஆண்டுகள் நன்றாக நிற்கின்றன. சில ஓரிரு ஆண்டுகளிலேயே மீண்டும் மஞ்சளேறத் தொடங்குகின்றன. ஒரே முறையில், ஒரே நாளில் வெளுத்த இரண்டு உறைகள்கூட வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளலாம். வெளுப்பது, உருவான நிறத்தை மட்டுமே நீக்குகிறது. அதனை உருவாக்கும் வினையை நிறுத்துவதில்லை.

வினையை மெதுவாக்குவது நம் கையில் இருக்கிறது. வெயில் படாத, வெப்பம் குறைந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கூரைக்கு அடியிலுள்ள பரண், இரும்புக் கொட்டகை, வாகனத்தின் பின்பகுதி ஆகியவை மிக மோசமான இடங்கள். சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். எனவே சன்னலோர மேசையும் வேண்டாம். வேலை முடிந்ததும் உறையை நிறைய நீரில் அலசிப் பெராக்சைடின் எச்சம் இல்லாமல் செய்வது மிகத் தேவையானது.

வார்னிஷை நான் பரிந்துரைப்பதில்லை. புற ஊதாத் தடுப்பு வார்னிஷ் ஒளியைக் குறைக்கலாம்; வெப்பத்தால் நடப்பதை அது தடுக்காது. தவிர, உறையின் தொடுநயம் மாறிவிடுகிறது, வார்னிஷும் ஒருநாள் மஞ்சளாகலாம், அப்போது அதனை நீக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கையும் சேர்த்து எடுத்துவிடும். பெயிண்ட் அடிப்பதற்கும் இதே பதில்தான்.

கேள்வி: நூறாண்டு கழித்துப் பார்ப்பவர்களுக்கு அந்த மஞ்சளும் வரலாறுதானே? வெளுப்பது சரியா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: மிக நேர்மையான கேள்வி. அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாப்பவர்கள், ஒரு பொருளின்மேல் செய்வது எதுவாயினும் பின்னால் நீக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதை நெறியாகக் கொண்டவர்கள். பெராக்சைடு வெளுப்பு அந்த நெறிக்குள் வராது. ஒருமுறை செய்தால் செய்ததுதான். மேற்பரப்பின் வேதியியலையே அது மாற்றுகிறது.

ஆகவே நான் வைத்துக்கொள்ளும் எல்லை இது. அரிதாக எஞ்சியிருக்கும் கணினியென்றால், எடுத்துக்காட்டாக 1983-ஆம் ஆண்டின் ஆப்பிள் லிசா போன்றதென்றால், சோப்புநீருக்கு மேலே எதுவும் வேண்டாம்; மஞ்சளோடு அப்படியே இருக்கட்டும். முன்னர் பயன்படுத்தியவரின் கையெழுத்தோ நிறுவன முத்திரையோ உள்ள உறையையும் அப்படியே விட்டுவிடுங்கள். உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேல் விற்பனையான கமடோர் 64 போன்ற கணினி, நாள்தோறும் நீங்கள் இயக்கி மகிழ்வதற்காக மேசையில் இருப்பது என்றால், கவனத்தோடு வெளுப்பதில் தவறு காணமாட்டேன். அந்தக் கணினி புதிதாக இருந்தபோது எப்படித் தோன்றியது என்பதைக் காண விரும்புவதும் அதன்மேல் உள்ள அன்பினால்தான். எப்படியாயினும் தொடங்கும் முன் எல்லாப் பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, பயன்படுத்திய செறிவையும் நேரத்தையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கணினியோடு வையுங்கள். அடுத்து அதனைப் பேணப்போகிறவருக்கு அந்தத் தாள் மிகவும் உதவும்.

கேள்வி: என் விசைப்பலகையில் மற்ற விசைகள் எல்லாம் நன்றாக இருக்க, இடைவெளி விசை மட்டும் அடர்மஞ்சளாக இருக்கிறது. அதனை மட்டும் வெளுக்கலாமா?

பதில்: தாராளமாக. நல்ல விசைப்பலகைகளில் எழுத்து விசைகளைப் பி.பி.டி. என்னும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள்; அது ஏ.பி.எஸ். அளவுக்கு மஞ்சளாவதில்லை. ஆனால் பி.பி.டி. வார்ப்பில் அதிகமாகச் சுருங்கும். நீளமான இடைவெளி விசை அதனால் கோணிவிடும் என்பதற்காக, அதனை மட்டும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வார்ப்பது வழக்கம். நீங்கள் காணும் வேறுபாடு அங்கிருந்து வந்ததே.

விசையை நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். அடியில் உலோகக் கம்பி ஒன்று இருந்தால் அதனை முதலில் விடுவியுங்கள். இடைவெளி விசையில் பெரும்பாலும் எழுத்து இருக்காது என்பதால் அச்சு அழியும் கவலை இல்லை. மற்ற விசைகளையும் வெளுக்க நேர்ந்தால் எழுத்து எப்படி இடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரு நிறப் பிளாஸ்டிக்கை இணைத்து வார்த்த எழுத்துகள் அழியமாட்டா. மேலே அச்சிட்டவை மங்கக்கூடும் என்பதால், குறைவாகப் பயன்படும் ஒரு விசையை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பழுப்பு, கறுப்பு போன்ற அடர்நிற விசைகளைப் பெராக்சைடில் போடவேண்டாம். அவற்றின்மேல் வெண்படலம் படரும். மூடியுள்ள சிறிய கண்ணாடிக் குவளையில் 3 விழுக்காட்டுத் திரவம் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, வெயிலில் வைத்தால் ஒரு விசைக்குப் போதும். மீந்த திரவத்தை நிறைய நீர் சேர்த்துச் சாக்கடையில் ஊற்றிவிடலாம். அது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும்.